ஐந்து நாளில் பதினொரு கல்லூரி

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



செயலாளர் நாக்பூருக்குப் போன் போட்டு, "இந்தத் தடவை நீங்க கண்டிப்பாப் பேசணும்" என்றார். எதைப் பற்றி என்று கேட்டேன். "உங்க அனுபவத்தைப் பத்தித்தான்" என்றார். நான் 1984 முதல் 1987 வரை இங்கே பி.எஸ்சி. இயற்பியல் படித்தவன். அதற்குப் பிறகு நாக்பூரில் வேலை, கல்யாணம், இரண்டு பிள்ளைகள். மேடையில் சொல்லுகிற மாதிரி சாதனை ஒன்றும் கிடையாது. ஆனால் ஒரு தகப்பனாக நான் ஒரு தப்புச் செய்தேன். அதைத் திரும்பவும் செய்யாமலிருக்க 2023 ஜூன் மாதம் ஐந்து நாள் தமிழ்நாட்டில் அலைந்தேன். அந்த ஐந்து நாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். இங்கே வந்திருக்கும் பலர் வீட்டில் பிளஸ் டூ பிள்ளைகள் இருப்பார்கள். அவர்களுக்கு உபயோகப்படலாம்.

அன்றும் இன்றும்

1984இல் நான் இந்தக் கல்லூரியை எப்படித் தேர்ந்தெடுத்தேன் என்று என் மகள் ஒருநாள் கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எங்கள் ஊரிலிருந்து பஸ் போகிற தூரத்தில் இருந்த கல்லூரி இது ஒன்றுதான். அப்பா ஒரு டிரங்குப் பெட்டியோடு என்னைக் கூட்டிக்கொண்டு வந்தார். அதோ அந்த வேப்பமரத்தடியில் பெட்டியை இறக்கி வைத்தோம். சேரும் நாளில்தான் கல்லூரியை முதன்முதலாகப் பார்த்தேன். முன்னாடியே வந்து பார்த்திருந்தாலும் வேறு போக்கிடம் கிடையாது.

இன்றைக்கு அப்படி இல்லை. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. 1997இல் ஒற்றைச் சாளர முறை வந்தபோது பெற்றோரும் பிள்ளையும் நேரில் போய், திரையில் காலியிடங்களைப் பார்த்து இடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். 2018இல் அது இணையவழிக்கு மாறியது. வீட்டில் உட்கார்ந்தபடியே விருப்பப் பட்டியலைப் போட்டுவிடலாம். வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வசதியில்தான் நான் வழுக்கி விழுந்தேன்.

என் மூத்த மகன் அதே 2018இல்தான் பிளஸ் டூ முடித்தான். நாக்பூரில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நானே பட்டியல் போட்டேன். விளக்கப் புத்தகத்தில் வழவழப்பான தாளில் பச்சைப் புல்வெளி, கண்ணாடிக் கட்டடம், சிரிக்கிற பிள்ளைகள். கட்-ஆஃப் பொருந்தியது, கட்டணம் பொருந்தியது. சேர்ப்பதற்கு எனக்கு லீவு கிடைக்கவில்லை. என் தம்பிதான் கூட்டிக்கொண்டு போய்ப் பணம் கட்டி, ஹாஸ்டலில் விட்டுவிட்டு வந்தான்.

மூன்று செமஸ்டர் கழித்து மகன் திரும்பி வந்துவிட்டான். அந்தக் கல்லூரியை நான் முதன்முதலாகப் பார்த்தது, அவனுடைய டி.சி. வாங்கப் போன அன்றுதான். மெயின் ரோட்டில் இறங்கி மூன்று கிலோமீட்டர் நடை. புத்தகத்தில் பார்த்த கண்ணாடிக் கட்டடம் இருந்தது. அதற்குப் பின்னால் ஒன்றும் இல்லை. அவன் படித்த பிரிவுக்கு நிரந்தர ஆசிரியர் என்று இரண்டே பேர். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் ஒரு டீ குடிக்கக்கூட வழியில்லாத பொட்டல்.

திரும்பி வரும் பஸ்ஸில் கேட்டேன், "ஏம்ப்பா, முதல் மாசமே சொல்லியிருக்கலாமே?" அவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "நீங்க அந்த இடத்தைப் பாக்கலையேப்பா. பாக்காத இடத்தைப் பத்தி போன்ல நான் என்னன்னு சொல்றது?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. பிற்பாடு அவன் நாக்பூரிலேயே பி.எஸ்சி. படித்து, நல்ல வேலைக்குப் போய்விட்டான். இருந்தாலும் ஒன்றரை வருஷம் போனது போனதுதான்.

பதினொரு கல்லூரித் திட்டம்

2023இல் மகள் பிளஸ் டூ முடித்தாள். இந்தத் தடவை பார்க்காமல் சேர்ப்பதில்லை என்று சபதம். எட்டு நாள் லீவு கிடைத்தது. நாக்பூரிலிருந்து வரவும் போகவும் மூன்று நாள் கழித்தால் கையில் ஐந்து நாள், திங்கள் முதல் வெள்ளி வரை. நான் ஒரு பட்டியல் போட்டேன். சென்னையில் நான்கு, கோயம்புத்தூர்ப் பக்கம் நான்கு, மதுரைப் பக்கம் மூன்று. ஆக பதினொன்று. மணிக்கணக்குப் போட்டு, ரயில் நேரம் எழுதி, கலர் பேனாவில் கோடு போட்டு, ஆபீஸில் எல்லோரிடமும் காட்டினேன். மகளிடம் மட்டும் காட்டவில்லை.

திங்கட்கிழமை காலை தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் வந்து சென்ட்ரலில் இறங்கினோம். குளித்துவிட்டு நேரே கிண்டி. 1794இல் ஒரு நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய இடம். அந்தச் செங்கல் கட்டடத்தைப் பார்த்ததும் மகளுக்குக் கண் விரிந்தது. அவளுக்கு ஆசை சிவில் என்ஜினீயரிங் மேல். ஆற அமரப் பார்க்க வேண்டும் என்றாள். நான் கைக்கடிகாரத்தைக் காட்டி இழுத்துக்கொண்டு வந்தேன். அப்படியும் இரண்டரை மணி நேரம் ஆகிவிட்டது.

அடுத்தது மின்சார ரயிலேறி குரோம்பேட்டை எம்.ஐ.டி. பெரிய மனிதர்கள் படித்த இடம், அப்துல் கலாம் படித்த இடம் என்று நான் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். உள்ளே பாதி தூரம் போனதும் மகள் மெதுவாகக் கேட்டாள், "அப்பா, இங்க சிவில் கிடையாதே. எதுக்கு வந்திருக்கோம்?" நான் பட்டியலைப் பார்த்தேன். கல்லூரிப் பெயர்தான் எழுதியிருந்தேனே தவிர, பாடப்பிரிவு எழுதவில்லை.

அங்கிருந்து பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கல்லூரி, ஸ்ரீபெரும்புதூருக்கு அப்பால் ஒன்று. சென்னையின் தெற்குக் கோடியும் மேற்குக் கோடியும்! வரைபடத்தில் ஒரு சாண். டாக்ஸியில் போனால் பாதி நாள். முதல் இடத்தில் மூன்றரை மணிக்கு வாட்ச்மேன், "யாரைப் பாக்கணும்? அப்பாயின்ட்மென்ட் இருக்கா?" என்றார். இல்லை. இரண்டாவது இடத்துக்குப் போனபோது ஐந்தேகால், ஆபீஸ் பூட்டியாகிவிட்டது. கேட்டுக்கு முன்னால் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பினோம்.

அன்று ராத்திரி சேரன் எக்ஸ்பிரஸில் பெர்த்தை விரிக்கும்போது மகள் சொன்னாள்: "அப்பா, நீங்க காலேஜ் பாக்க வரல. கேட் பாக்க வந்திருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது அடங்கியது. மகனுக்குப் போன் போட்டேன். முழுவதையும் கேட்டுவிட்டு அவன் இரண்டே விஷயம் சொன்னான். "லிஸ்ட்டை அவகிட்ட குடுங்க. அப்புறம், ஒவ்வொரு இடத்துலயும் ஒரு மணி நேரமாவது அவளைத் தனியா விடுங்க."

ரயிலில் போட்ட புதுத் திட்டம்

ஜோலார்பேட்டை தாண்டும்வரை இரண்டு பேரும் உட்கார்ந்து திட்டத்தைத் திருத்தினோம். அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நேரம் குறைவாக உள்ளவர்களுக்கு இதுதான் முக்கியம்.

முதலில் மகள் ஒரு கேள்வி போட்டாள். "இந்த இடத்தைப் பார்த்தா என் முடிவு மாறுமா?" கலந்தாய்வில் எத்தனை கல்லூரியை வேண்டுமானாலும் விருப்பப் பட்டியலில் எழுதலாம். ஆனால் மேலிருந்து கீழாக, நம் தரவரிசைக்கு எது முதலில் கிடைக்கிறதோ அதுதான் ஒதுக்கீடு. எதற்குமேல் எதை எழுதுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கணக்குக்கு நூறு, இயற்பியலுக்கு ஐம்பது, வேதியியலுக்கு ஐம்பது என்று இருநூறுக்கு அவளுடைய கட்-ஆஃப் எங்களுக்குத் தெரியும்; முந்தைய ஆண்டுகளில் எந்தக் கல்லூரி, எந்தப் பிரிவு, எந்த மதிப்பெண்ணோடு முடிந்தது என்பதும் வெளியாகியிருக்கிறது. எட்டவே எட்டாத ஒன்றை அடித்தாள். பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் கடைசியில்தான் வரும் என்ற ஒன்றையும் அடித்தாள். மிச்சம் ஐந்து. கோயம்புத்தூரில் மூன்று, தெற்கே இரண்டு.

அடுத்து, ஒரு நாளைக்கு இரண்டுக்கு மேல் கூடாது. காலை ஒன்பதரைக்கு ஒன்று, மத்தியானம் இரண்டு மணிக்கு ஒன்று. நடுவில் சாப்பாட்டு நேரம் வீண் அல்ல; அந்தக் கல்லூரி கேன்டீனிலேயே சாப்பிடுவது. தூரத்தைக் கிலோமீட்டரில் பார்க்காமல் ஊரின் போக்குவரத்தில் பார்ப்பது. கோவையையே எடுத்துக்கொள்ளுங்கள். பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியும் சி.ஐ.டி.யும் பீளமேட்டில் ஒரே அவிநாசி சாலையில் இருக்கின்றன. அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஊரின் மறுபுறம், தடாகம் சாலையில். இவற்றில் முதல் இரண்டை ஒரே நாளில் பார்க்கலாம். மூன்றாவதைத் தனி வேளையாக வைத்துக்கொள்வதே நல்லது.

நீண்ட பயணம் எல்லாம் ராத்திரியில், அல்லது கல்லூரி மூடிய பிறகு. ரயிலில் தூங்கினால் ஒரு நாளும் மிச்சம், லாட்ஜ் வாடகையும் மிச்சம். புறப்படும் முன்பே போன் செய்து, இன்ன தேதி, இன்ன நேரம், இன்ன பிரிவைப் பார்க்க வருகிறோம் என்று சொல்லி, யாரைப் பார்க்க வேண்டும் என்று பெயர் கேட்டு எழுதிக்கொள்வது. நான் அதைச் செய்யாததால் திங்கட்கிழமை பட்ட பாட்டைச் சொன்னேன். செவ்வாய் காலை ரயிலை விட்டு இறங்கியதும் மகள் முதல் வேலையாக ஐந்து இடத்துக்கும் போன் செய்தாள்.

கடைசியாக, வெள்ளிக்கிழமை காலையைச் சும்மா விட்டாள். "எதுக்கும்மா காலியா?" என்றேன். "எங்கயாவது தப்பு நடந்தா வேணும்லப்பா" என்றாள்.

அண்ணாச்சி சொன்ன வழி

கோவையில் லாட்ஜ் போடலாம் என்றிருந்தேன். போன தடவை நம் சங்க மலரின் கடைசிப் பக்கங்களில் வந்த முகவரிப் பட்டியல் ஞாபகம் வந்தது. அதில் சிங்காநல்லூரில் ஓர் அண்ணாச்சி, எனக்கு எட்டு வருஷம் மூத்தவர்; நேரில் பார்த்ததே இல்லை. தயங்கித் தயங்கிப் போன் செய்தேன். "லாட்ஜா? ஏன், நம்ம வீடு என்ன ஆச்சு?" என்று அதட்டினார். நேரே அவர் வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிட்டோம்.

கல்லூரிக்குத் துணைக்கு வாங்க அண்ணாச்சி என்று கூப்பிட்டேன். முடியவே முடியாது என்றுவிட்டார். "நான் வந்தா பிரின்சிபால் ரூமுக்குக் கூட்டிட்டுப் போவாங்க. காபி கிடைக்கும், உண்மை கிடைக்காது. நீங்க பஸ்ல போங்க. நாளைக்குப் பிள்ளை பஸ்லதானே போகணும்?"

அன்று முதல் நாங்கள் பஸ்ஸிலேயே போனோம். பஸ் ஸ்டாப்பில் இறங்கினால் கல்லூரி எவ்வளவு தூரம், ராத்திரி கடைசி பஸ் எப்போது, மருந்துக்கடை எங்கே, இதெல்லாம் டாக்ஸியில் போகிறவனுக்குத் தெரியாது.

கல்லூரிகளின் பெயரை இனிமேல் சொல்லப்போவதில்லை. இந்த அரங்கில் இருக்கும் பலர் கல்லூரிகளில் வேலை பார்க்கிறீர்கள். எனக்கு ராத்திரிச் சாப்பாடு நிம்மதியாகக் கிடைக்க வேண்டும்.

என்ன பார்த்தோம்

போன இடமெல்லாம் முதலில் வரவேற்பறையில் கண்ணாடி அலமாரியில் கோப்பைகளைக் காட்டினார்கள். பிறகு வேலைவாய்ப்பு எத்தனை சதவீதம் என்று ஒரு பலகை. அது சிவில் பிள்ளைகளுக்கு எத்தனை, அதில் சிவில் வேலையே எத்தனை என்று மகள் கேட்டாள். ஓரிடத்தில் பொறுமையாகப் பதில் சொன்னார்கள். ஓரிடத்தில், "உங்க பொண்ணு ரொம்ப ஷார்ப்" என்று சிரித்தே மழுப்பினார்கள். எல்லோரும் கம்ப்யூட்டர் பிரிவுகளைத் தேடி ஓடுகிற காலம்; சில இடங்களில், "சிவில் எதுக்கும்மா?" என்று அவளை மாற்றவே பார்த்தார்கள். அந்தப் பதிலும் எங்களுக்கு ஒரு தகவல்தான்.

காகிதத்தில் கேட்க வேண்டியவை சில உண்டு. என்.பி.ஏ. அங்கீகாரம் என்பது கல்லூரி முழுவதற்கும் சேர்த்துக் கிடைப்பது அல்ல. ஒவ்வொரு பாடப்பிரிவுக்கும் தனித்தனி. அதற்குக் கெடுவும் உண்டு. ஆகவே நம் பிரிவுக்கு இருக்கிறதா, எந்த ஆண்டு வரை என்று கேளுங்கள். தன்னாட்சிக் கல்லூரியா, பல்கலைக்கழகமே தேர்வு நடத்துகிறதா என்று கேளுங்கள். கல்விக் கட்டணம் என்று ஒரு தொகை சொல்வார்கள். ஹாஸ்டல், மெஸ், பஸ் எல்லாம் தனி. நான்கு வருஷத்துக்கும் சேர்த்து எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

மிச்சத்தைக் கண்ணால்தான் பார்க்க முடியும். சிவில் பிரிவில் கான்கிரீட் சோதனைக்கூடம் என்று ஒன்று உண்டு. 150 மில்லிமீட்டர் சதுரக் கட்டிகளாகக் கான்கிரீட் வார்த்து, தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, ஏழாவது நாளும் இருபத்தெட்டாவது நாளும் இயந்திரத்தில் வைத்து அழுத்தி உடைத்துப் பார்ப்பார்கள். ஒரு கல்லூரியில் அந்த இயந்திரம் புத்தம் புதிது, பிளாஸ்டிக் உறை போட்டு மூடியிருந்தது. அழகாகத்தான் இருந்தது. மகள் தொட்டியை எட்டிப் பார்த்தாள். தொட்டி காய்ந்து கிடந்தது. உள்ளே ஒரு துடைப்பம் சாத்தி வைத்திருந்தது.

தெற்கே வியாழக்கிழமை நாங்கள் போன ஒரு கல்லூரியில் கட்டடம் பழசு. சுவரில் காரை பெயர்ந்திருந்தது. சோதனைக்கூடத்துத் தொட்டியில் மட்டும் தண்ணீர் தளும்ப, ஐம்பது அறுபது கட்டிகள். ஒவ்வொன்றிலும் பெயின்ட்டால் தேதியும் எண்ணும். பாதி வெளிக் கான்ட்ராக்டர்கள் சோதனைக்கு அனுப்பியது, பாதி பிள்ளைகள் வார்த்தது என்றார் லேப் உதவியாளர். மகள் தொட்டியைவிட்டு நகரவில்லை.

அப்போது தேர்வு நேரம். வேப்பமர நிழலில் மூன்றாமாண்டு மாணவிகள் இருவர் படித்துக்கொண்டிருந்தார்கள். மகன் சொன்னபடி நான், "டீ குடிச்சிட்டு வாரேன்" என்று நழுவினேன். பெண்கள் ஹாஸ்டலுக்குள் தகப்பனை எப்படியும் விடமாட்டார்கள்; அவர்களே அவளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார்கள். அந்தப் பெண் சொன்னதை மகள் அப்படியே குறித்து வைத்திருந்தாள்:

"கோடைல தண்ணி கஷ்டம்தான், ராத்திரியே பக்கெட்ல பிடிச்சு வச்சிரணும். முதல் செமஸ்டர் மேத்ஸ்ல பாதிப் பேர் அரியர், நானும் வச்சேன். வைஃபை பேருக்குத்தான். ஆனா லேப்ல எதையும் நம்ம கையால செய்ய விடுவாங்க. சர்வே கேம்ப்ல சாரே நம்ம கூட வெயில்ல நிப்பாரு. சந்தேகம்னு போனா கதவை மூட மாட்டாங்க."

ஐந்து நாளில் நாங்கள் கேட்ட பேச்சிலேயே அதிகம் உபயோகமானது இதுதான். கோப்பை அலமாரி பக்கத்தில் இப்படி ஒரு பேச்சு கிடைக்காது. தண்ணீர் கஷ்டத்தைச் சொன்னதால்தான் அந்தப் பெண் சார் பற்றிச் சொன்னதை என் மகள் நம்பினாள்.

ஒவ்வொரு நாள் ராத்திரியும் தூங்குமுன் இருவரும் தனித்தனி நோட்டில் எழுதினோம். அன்றன்றே எழுதாவிட்டால் மூன்றாவது நாள் எல்லாக் கல்லூரியும் ஒன்றாகிவிடும். எந்த நூலகம் எந்த ஊரில் பார்த்தது என்று குழம்பிவிடும். ஒருவர் நோட்டை மற்றவர் பார்ப்பதில்லை என்று ஒப்பந்தம்.

வெள்ளிக்கிழமை காலை

சும்மா விட்டிருந்த வெள்ளிக்கிழமை காலை, "நேத்துப் பாத்த இடத்துக்கு இன்னொரு தடவை போலாமாப்பா?" என்றாள். பார்த்த இடத்தையே எதற்குப் பார்ப்பது என்று வாய்வரை வந்தது; அடக்கிக்கொண்டேன்.

எட்டு மணிக்கே போய்விட்டோம். முதல் தடவை போகும்போது நாம் விருந்தாளி. இரண்டாம் தடவை யாரும் நம்மைக் கவனிப்பதில்லை. கேட்டுக்கு எதிர்க்கடையில் பிள்ளைகளோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டோம். ஆசிரியர்கள் எத்தனை மணிக்கு வருகிறார்கள் என்று பார்த்தோம். லேப் உதவியாளர் மகளை அடையாளம் கண்டுகொண்டு, "வாம்மா, இன்னைக்கு இருபத்தெட்டாம் நாள் கட்டி உடைக்கிறோம்" என்றார். இயந்திரத்தின் முள் ஏறி ஏறி, கட்டி 'டப்'பென்று விரிந்தபோது 600 கிலோநியூட்டன். "பரப்பால வகுத்துச் சொல்லு பாப்போம்" என்றார். அவள் நோட்டின் ஓரத்தில் கணக்குப் போட்டு, சதுர மில்லிமீட்டருக்கு இருபத்தாறு சொச்சம் நியூட்டன் என்றாள். "அப்ப இருபதாம் கிரேடுக்குத் தாராளம்" என்று அவர் தலையாட்டினார். அவள் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் நான் கேட்க ஒன்றும் இல்லை.

ராத்திரி மதுரையில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறினதும் நோட்டுகளை மாற்றிக்கொண்டோம். என் நோட்டில் அந்தக் கல்லூரி ஐந்தாவது. காரை பெயர்ந்த சுவர், தண்ணீர்க் கஷ்டம் என்று எழுதியிருந்தேன். அவள் நோட்டில் கிண்டிக்கு அடுத்து இரண்டாவது. பெயர் பெற்ற ஒரு கல்லூரியை அதற்குக் கீழே போட்டிருந்தாள். விழுப்புரம் வரை வாதாடினேன். அவள் ஒவ்வொன்றுக்கும் பார்த்ததைச் சொன்னாள். நான் கேள்விப்பட்டதைச் சொன்னேன். கடைசியில் நானே தூங்கப் போய்விட்டேன்.

கிண்டி கிடைக்கவில்லை. இரண்டாவது கிடைத்தது; சேர்ந்தாள். முதல் செமஸ்டரில் கணக்கில் அரியர் வைத்தாள். நான் அதிரவில்லை. அதுதான் முன்கூட்டியே சொல்லிவிட்டார்களே! அடுத்த தடவை எழுதித் தேறிவிட்டாள். இன்றைக்கு அவள் போனில், "தொட்டிப் பக்கம்", "வேப்பமரம்", "எதிர்க்கடை" என்று சொல்லும்போது எனக்கு அந்த இடம் கண்ணுக்குத் தெரிகிறது. மகனுக்கு நான் கொடுக்காமல் விட்டது அதைத்தான்.

ஒரு வேண்டுகோள்

நேரமாகிவிட்டது, தலைவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். இரண்டு வேண்டுகோள் வைத்து முடித்துக்கொள்கிறேன்.

ஒன்று, சங்கத்துக்கு. இந்த மலரின் முகவரிப் பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் ஒரு குறி போடுவோம். நம் ஊருக்குக் கல்லூரி பார்க்க வரும் பிள்ளைக்கு ஒரு வேளைச் சாப்பாடும், எந்த பஸ் ஏற வேண்டும் என்ற விவரமும் தர யார் தயாரோ அவர்கள் பெயருக்குப் பக்கத்தில். அவ்வளவு போதும். சிங்காநல்லூர் அண்ணாச்சி எனக்குச் செய்தது அதுதான். நாக்பூருக்கு யார் வந்தாலும் என் பெயருக்குப் பக்கத்தில் முதல் குறியைப் போட்டுக்கொள்ளுங்கள். நம் கிராமத்துப் பெற்றோர் பலருக்கு லாட்ஜ் வாடகையும் தெரியாத ஊரும்தான் பெரிய தடை. பார்க்காமலே சேர்த்துவிடுகிறார்கள்.

இரண்டாவது, பின்னால் நிற்கும் தம்பி தங்கைகளுக்கு. மேற்படிப்புக்கு நீங்கள் வேறு கல்லூரி பார்க்கப் போகலாம். ஐந்து இடம் ஓடாதீர்கள், இரண்டைப் போய் நிதானமாகப் பாருங்கள். அதைவிட முக்கியம், இங்கேயும் வருஷா வருஷம் ஏதோ ஒரு ஊரிலிருந்து ஒரு பிள்ளையும் அப்பாவும் வந்து, எங்கே போவது என்று தெரியாமல் ஆபீஸ் வாசலில் நிற்பார்கள். அவர்களைக் கண்டால் எழுந்து போய்ப் பேசுங்கள். ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் சொல்லுங்கள், நம் இயற்பியல் லேப்பைப் பற்றியும் சொல்லுங்கள். குறையைச் சொன்னால் கல்லூரிக்குக் கெட்ட பெயர் வரும் என்று பயப்படாதீர்கள். முதல்வர் ஐயா தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்று நம்புகிறேன். சிரிக்கிறார், அனுமதி கிடைத்துவிட்டது.

சிங்காநல்லூரிலிருந்து வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கும் அண்ணாச்சிக்கு என் நன்றி.